ஈகையன்று, கடன்!

பசித்து வந்தவனுக்கு ஒரு பிடி சோறிடுவது இரக்கம். அவன் மீண்டும் பசித்து வந்து நில்லாதவாறு ஏரும் விதையும் கொடுத்து நிறுத்துவது அறம். முன்னது கொடுப்பவன் உள்ளத்தைக் குளிர்விக்கும். பின்னதோ கொள்பவன் தலையை நிமிர்த்தும். இவ்விரண்டற்கும் உள்ள வேறுபாட்டைத் தம் சொல்லிலேயே பொதிந்து வைத்தவர்கள் யூதர்கள். எபிரேய மொழியில் ஈகையைக் குறிக்க வழங்கும் சொல் 'செதாக்கா' என்பது. அதன் வேர்ப்பொருள் இரக்கமன்று. நயன்மை, அஃதாவது நேர்மை. இல்லார்க்குக் கொடுப்பவன் பெருங்கொடை ஏதும் புரிந்துவிடவில்லை. தான் செய்ய வேண்டிய முறையைச் செய்தான், அவ்வளவே என்பது அச்சொல்லின் உட்கிடை. ஈகை அதிகாரத்திற்கு முன்னர் ஒப்புரவறிதலை நிறுத்திய திருக்குறளின் வைப்புமுறையை அறிந்த தமிழர்க்கு இக்கருத்து அயலாகத் தோன்றாது.

சொல்லில் உறைந்த இவ்வறம் செயலில் எங்ஙனம் மலர்ந்தது என்பதற்கு 'அமெரிக்க யூதர் கூட்டுப் பங்கீட்டுக் குழு' என்னும் தொண்டமைப்பே சான்று. 1914ஆம் ஆண்டு ஆகத்து மாத இறுதியில், துருக்கிப் பேரரசில் அமெரிக்கத் தூதராக இருந்த என்றி மார்கன்தாவு நியூயார்க்கிற்கு ஒரு தொலைவரி விடுத்தார். உலகப்போர் மூண்டதால் ஐரோப்பாவிலிருந்து வந்த பணவரவும் அங்குச் சென்ற விளைபொருள் ஏற்றுமதியும் ஒருங்கே அறுந்து, பாலத்தீன யூதர்கள் பட்டினியின் வாயிலில் நின்றனர். உடனே 50,000 தாலர் வேண்டும் என்பதே செய்தி. பணம் விரைந்து திரண்டது. அவ்வாண்டு நவம்பரில் குழுவும் உருவாயிற்று.

அக்குழுவின் பெயரில் உள்ள 'கூட்டு' என்னும் சொல் வெற்றணியன்று. பழஞ்சமயநெறி வழுவாதோர் ஒரு குழுவாகவும், செல்வம் மிக்கோர் மற்றொரு குழுவாகவும் தனித்தனியே பணம் திரட்டினர். 1915இல் உழைப்பாளர் சார்பில் மூன்றாவது குழுவும் எழுந்தது. வழிபாட்டிலும் அரசியலிலும் ஒருவரையொருவர் ஒப்பாத இம்மூவரும் பங்கீட்டில் மட்டும் ஒன்றாயினர். வேறுபாடுகளை விட்டுவிட்டு வருக என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. வேறுபாடுகளோடேயே வந்து ஒரே களஞ்சியத்தை நிரப்பினர். அவ்வாண்டில் 900 தன் அளவினதாகிய உணவும் மருந்தும் 'வல்கன்' என்னும் கப்பலில் பாலத்தீனம் சென்றன. அவற்றில் ஒரு பங்கு அந்நிலத்து முசுலிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் அளிக்கப்பெற்றது.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதப் பேரறிஞர் மைமோனிடீசு ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். உள்ளம் ஒப்பாது கொடுப்பது அடிப்படி. கொடுத்தவன் யார், கொண்டவன் யார் என இருவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது ஏழாம் படி. கொடையோ, கடனோ, தொழிற்பங்கோ, வேலையோ தந்து ஒருவனைப் பிறர்கை நோக்கா நிலைக்கு உயர்த்துவதே உச்சிப்படி. முதல் உலகப்போருக்குப் பின், போராலும் கொலைவெறியாட்டங்களாலும் சீரழிந்த கிழக்கு ஐரோப்பாவில் இக்குழு அவ்வுச்சிப்படியையே நாடிற்று. கஞ்சித்தொட்டியோடு நில்லாமல், 1924இல் மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றைப் பிறரோடு இணைந்து தோற்றுவித்தது. அதன்வழி ஊர்தோறும் கடன் கூட்டுறவுகள் வலுப்பெற்றன. வட்டியில்லாக் கடன் தரும் பண்டகங்களும் குழுவின் துணையால் பெருகின. தையற்காரனும் தச்சனும் இரந்து வாங்கவில்லை. கடனாக வாங்கினர், திருப்பிச் செலுத்தினர். இரவலனாக வந்தவன் உறுப்பினனாக ஆனான்.

பின்னர் வந்தது இட்லரின் கொடுங்காலம். வார்சா நகரின் யூதர்கள் 1940 நவம்பரில் மதிலடைத்த சேரிக்குள் பூட்டப்பட்டனர். நான்கு இலக்கம் பேருக்கு மேல் அங்குத் திணிக்கப்பட்டனர். அமெரிக்கா போரில் இறங்கியதும் குழுவின் பணம் அங்குச் செல்லும் வழி அடைபட்டது. ஆயினும் வார்சா அலுவலகத்தார் கைவிடவில்லை. போருக்குப் பின் திருப்பித் தருவதாக உறுதி கூறி உள்ளூர்ச் செல்வரிடம் கடன் பெற்றுக் கஞ்சித்தொட்டிகளை நடத்தினர். ஒவ்வொரு குடியிருப்பிலும் எழுந்த வீட்டுக்குழுக்கள் தம்முள் பட்டினி கிடந்தோரைப் பேணின. அத்தொண்டரை ஒருங்கிணைத்த வரலாற்றறிஞர் இமானுவேல் இரிங்கெல்புளூம், சேரியில் நிகழ்ந்தவற்றை மறைவாகத் தொகுப்பித்து நிலத்தடியில் புதைக்கச் செய்தார். குழுவின் தலைவருள் ஒருவரான கிட்டர்மன் 1943 சனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இரிங்கெல்புளூம் 1944இல் கொல்லப்பட்டார். தகரப்பெட்டிகளும் பாற்குடங்களும் மட்டும் 1946இலும் 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டன.

இங்கு ஓர் உண்மையை மறைத்தலாகாது. அக்கஞ்சி பலர் உயிரைச் சில திங்கள் நீட்டியது, அவர்களைக் காப்பாற்றவில்லை. 1942 கோடையில் தொடர்வண்டிகள் இரண்டரை இலக்கத்திற்கும் மேற்பட்டோரைத் திரெபிலிங்காக் கொலைக்களத்திற்கு ஏற்றிச் சென்றன. அது தொண்டின் தோல்வியன்று. அடைக்கலம் நாடியோர்க்குக் கதவடைத்த அரசுகளின் பழி. அரசு செய்ய வேண்டியதைத் தொண்டு செய்துவிடும் என்று நம்பிக் கைகட்டி நிற்போர் இதனை நினைவிற் கொள்க.

போர் முடிந்ததும் எஞ்சியோர்க்கு உணவோடு கருவிகளும் பாடநூல்களும் குழுவினர் வழங்கினர். பின்னாளில் அக்கை தம் இனத்தின் எல்லையைத் தாண்டி மேலும் நீண்டது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இந்தியாவையும் இலங்கையையும் தாக்கியபோது இவ்விரு நாடுகளிலும், 2010இல் ஐத்தி நிலநடுக்கத்தின்போதும், 2015இல் நேபாள நிலநடுக்கத்தின்போதும் அவர்கள் வந்து நின்றனர். தமிழ்க் கரையோரங்களையும் அழித்த அலை அது என்பதை எவரும் மறந்திருக்க இயலாது.

அலை வந்தபின் துணிமூட்டை திரட்டும் இரக்கம் எந்நாட்டிலும் உண்டு. அஃது அலை வடியுமுன்னரே வடிந்தும் போகும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஓர் அமைப்பை நிலைநிறுத்துவது கடமையுணர்வே. பேரிடர் வருமுன்னரே ஊர்தோறும் ஒரு களஞ்சியம், ஒரு கடன் பண்டகம், ஒரு வீட்டுக்குழு, ஒளிவற்ற ஒரு கணக்கேடு. இவை வேண்டுமெனில் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. கருத்து வேற்றுமைகளைக் களஞ்சிய வாயிலில் இறக்கி வைக்கும் உள்ளம் வேண்டும். கொடுப்பவன் உயர்ந்தவனுமல்லன், கொள்பவன் தாழ்ந்தவனுமல்லன். ஒருவன் தன் கடனைச் செலுத்துகிறான். மற்றவன் தன் உரிமையைப் பெறுகிறான். அவ்வுணர்வு வேரூன்றிய மக்களைப் புயலும் சாய்க்காது. பட்டினியும் மண்டியிடச் செய்யாது.