"கதைதானே" என்று வாயடைக்காதீர்கள்

ஒளிவாளால் சண்டை பிடிக்கிற கதையில் லொஜிக் தேடுகிறீர்களே, உங்களுக்கு வேறு வேலை இல்லையா? ஸ்டார் வோர்ஸ் பற்றி நாங்கள் எதைக் கேட்டாலும் வந்து விழுகிற முதல் பதில் இதுதான். இந்தப் பதிலைச் சொல்கிறவர்களுக்காகவே இன்று கொஞ்சம் நீட்டி எழுதுகிறோம். பொறுமை இருந்தால் வாசியுங்கள்.

ஒளிவாளில் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஒளியை விட வேகமாகக் கப்பல் போகும் என்கிறீர்கள், சரி. மனதால் கல்லைத் தூக்கலாம் என்கிறீர்கள், அதுவும் சரி. கதை தன் உலகத்துக்கு என்ன சட்டம் போடுகிறதோ, அதை ஒப்புக்கொண்டுதான் நாங்கள் உள்ளே போகிறோம். சட்டம் போட்டவரே அதை மீறினால் ஏன் என்று கேட்கவும் கூடாதா?

பேரரசர் பல்பட்டீனை எடுத்துக்கொள்வோம். 1983இல் வந்த படத்தில் அவரைப் பாதாளத்தில் தூக்கி எறிந்து கொன்றார்கள். 2019இல் வந்த "த ரைஸ் ஒஃப் ஸ்கைவோக்கர்" படத்தில் ஆள் திரும்பி வந்து நிற்கிறார். எப்படி என்பதற்கு ஒரு பாத்திரம் அரை வசனத்தில் எதையோ ஊகித்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். அவர் அண்டம் முழுவதற்கும் விடுத்த மிரட்டலைப் படத்தின் தொடக்க எழுத்துகள் குறிப்பிடுகின்றன. அந்த மிரட்டலைக் காதால் கேட்க வேண்டுமா? படம் வருவதற்குச் சில நாட்களுக்கு முன் ஃபோர்ட்நைட் என்ற வீடியோ கேமுக்குள் போயிருக்க வேண்டும். அவர் இருந்தது குளோன் செய்யப்பட்ட உடலில் என்ற விளக்கம் தெளிவாக வேண்டுமா? 2020இல் ரே கார்சன் எழுதி வெளிவந்த, படத்தின் நாவல் வடிவத்தை வாங்க வேண்டும். டிக்கட் எடுத்தவனுக்குக் கதை முழுதாகக் கிடைக்கவில்லை. மிச்சத்தைத் துண்டு துண்டாக வேறு கடைகளில் விற்றார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. பேரரசர் குளோன் உடலில் திரும்புவதை 1991இல் தொடங்கிய "டார்க் எம்பயர்" கொமிக் எப்போதோ சொல்லிவிட்டது, அதுவும் காரணத்தோடு. ஆனால் டிஸ்னி லூக்காஸ்பில்மை வாங்கிய பிறகு, 2014 ஏப்ரல் 25 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. அதுவரை வந்த நாவல்களும் கொமிக்குகளும் இனி "லெஜண்ட்ஸ்", அதாவது நடக்காத கதை. திமொத்தி ஸான் 1991இல் எழுதிய "ஏர் டு த எம்பயர்" முதல், எல்லாமே அந்தப் பெட்டிக்குள் போயிற்று. பிறகு 2016இல் அதே ஸான் படைத்த த்ரோனை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துத் தொலைக்காட்சித் தொடரில் விட்டார்கள். தேவையான சாமானை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் போலும்.

ஆனால் மற்றப் பக்கத்து ஆட்களோடும் எங்களுக்குக் கணக்கு இருக்கிறது. முன்னுக்குப் பின் முரண் இல்லாவிட்டால் போதும், கதை சரி என்று நினைக்கிறவர்கள் அவர்கள். 2002 படத்தில் குளோன் படை பற்றிச் சொல்லும்போது, இரண்டு இலட்சம் "யுனிட்" தயார், இன்னும் பத்து இலட்சம் வருகிறது என்கிறார்கள். ஒரு யுனிட் என்றால் ஒரு ஆள் என்று எடுத்து, கேரன் ட்ராவிஸின் நாவல்கள் வழியாக மொத்தம் 30 இலட்சம் என்ற எண் நிலைத்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். குடியரசிலிருந்து பிரியப் போகிறவை மட்டும் பல ஆயிரம் சூரியத் தொகுதிகள் என்று அதே படத்தின் தொடக்கமே சொல்கிறது. ஐயாயிரம் என்று வைத்தால், ஒரு சூரியத் தொகுதிக்கு 600 வீரர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நடுத்தரப் பாடசாலையின் பிள்ளைகள் தொகை அது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இந்தியாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் படையில் சேர்ந்தார்கள். இதைக் கேட்ட வாசகர்களுக்கும் ட்ராவிஸுக்கும் இடையில் பெரிய சண்டையே நடந்தது. அச்சில் வந்த எண் என்பதற்காக அதைக் காத்தவர்களுக்கு, அது நம்பக்கூடியதா என்பது ஒரு கேள்வியாகவே படவில்லை. எல்லாப் புத்தகத்திலும் ஒரே பிழை இருந்தால் அது சரியாகிவிடுமா?

ஒட்டுப் போடுவதே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. 1977 படத்தில் ஹான் சோலோ, கெஸல் பயணத்தை 12 பார்செக்குக்குள் முடித்ததாகப் பெருமை பேசுகிறார். பார்செக் என்பது தூரம், சுமார் 3.26 ஒளியாண்டு. அதை நேரம் போலச் சொல்வது சுத்தப் பிழை. பின்னால் வந்த நாவல்கள் அந்தப் பாதையின் ஓரத்தில் கருந்துளைக் கூட்டம் ஒன்றை வைத்தன. துணிந்தவன் அதை ஒட்டிப் போனால் தூரம் குறையும். பிழை போய், அந்த இடத்தில் ஹானின் துணிச்சல் வந்து உட்கார்ந்தது. இது ஒட்டு என்றால் எங்களுக்கு இன்னும் நூறு ஒட்டு வேண்டும்.

அப்படி வேலை செய்த எழுத்தாளர்களை எப்படி நடத்தினார்கள்? முதல் படத்தின் நாவலை ஜோர்ஜ் லூக்காஸின் பெயரில் எழுதிக் கொடுத்தவர் அலன் டீன் ஃபொஸ்டர். அந்த நாவலுக்கு உரிய ரோயல்டி தனக்கு வரவில்லை என்று 2020 நவம்பரில் அவர் பகிரங்கமாகச் சொன்னார். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் அவரோடு நின்றது. உரிமைகளைத்தான் வாங்கினோம், கடப்பாடுகளை வாங்கவில்லை என்பதே டிஸ்னியின் வாதம் என்று சங்கம் சொன்னது. அவருடைய விடயம் பிறகு தீர்ந்தது, சந்தோசம். ஆனால் அந்த வாதத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கதையையும் அப்படித்தானே வாங்கினார்கள்? பெயரும் முகமும் வேண்டும், அவை ஏற்கனவே கொடுத்த வாக்கு வேண்டாம்.

தரம் எட்டுப் பிள்ளை ஒன்று எழும்பி, அந்த ஆள் செத்தவர்தானே, பிறகு எப்படி வந்தவர் என்று கேட்கிறது. அந்தப் பிள்ளை முந்தியதை ஞாபகம் வைத்து, இப்போது நடப்பதோடு பொருத்திப் பார்த்திருக்கிறது. வரலாற்றுப் பாடத்திலும் விஞ்ஞானப் பாடத்திலும் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு படிப்பிப்பது இதைத்தான். அதுவாகவே வந்து நிற்கும்போது, படம்தானே, இரு என்று உட்கார வைக்கச் சொல்கிறீர்களா?

சரி, கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. 2002 படத்தில் சொன்ன அந்த ஒரு யுனிட்டில் எத்தனை பேர்? ஓராளா, ஒரு படைப்பிரிவா? காரணத்தோடு யாராவது கீழே எழுதுங்கள். கணக்குக் காட்டினால் இன்னும் நல்லது.