கடப்பு நேரமும் கிணற்று நீரும்

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் சென்று மீளும் அடியவர் கோயிலில் எவ்வளவு நேரம் தங்கினார் என்று அறிய வேண்டுமாயின், மொத்த நேரத்திலிருந்து படகில் கழிந்த நேரத்தை நீக்குதல் வேண்டும். படகு நேரம் பிழைத்தால் தங்கிய நேரமும் பிழைக்கும். நேர்மாறு அவத்தைத் திரவ நிறப்பகுப்பிலும் இதுவே நியதி. நிரலில் எங்கும் தங்காத பொருள் அதனைக் கடக்க எடுக்கும் காலமே கடப்பு நேரம். அதனை அளவாமல், வரைபிற் தோன்றும் முதல் அசைவையே கடப்பு நேரமெனக் குறித்துக்கொள்ளும் வழக்கம் ஆய்வுகூடங்களில் இன்றும் உண்டு. இவ்வழக்கம் கைவிடப்படல் வேண்டும்.

“சிறு வேறுபாடுதானே” என்பர் சிலர். 250 மில்லிமீற்றர் நீளமும் 4.6 மில்லிமீற்றர் உள்விட்டமும் உடைய நிரலில், நிமிடத்துக்கு 1 மில்லிலீற்றர் ஓட்டத்தில், கடப்பு நேரம் ஏறக்குறைய 2.5 நிமிடமாகும். 5 நிமிடத்தில் வெளிவரும் சேர்வையின் தங்கற் காரணி அப்போது 1. கடப்பு நேரத்தை 2 நிமிடமெனக் கொண்டாலோ அக்காரணி 1.5 ஆகிவிடும். அரை நிமிடக் கவனக்குறைவு விடையில் 50 சதவீதப் பிழையாகிறது. இது சிறு வேறுபாடா?

குறிகாட்டியொன்றைச் செலுத்திவிட்டால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது. யுராசில் பெரிதும் வழங்கும் குறிகாட்டி. ஆயினும் நீர் மிகுந்த கரைப்பானில் அதுவும் சிறிது தங்கும். நைத்திரேற்று அயனோ, தாங்கற் கரைசல் இல்லாதவிடத்து, சிலிக்காவின் எதிரேற்றத்தால் நுண்டுளைகளுக்குள் நுழையாது விலக்கப்பட்டு, உரிய காலத்துக்கு முன்னரே வெளிவரும். உப்புச் செறிவு கூடினால் அவ்விலக்கம் குறைந்து, வெளிவரும் நேரமும் மாறும்.

தீவகத்தாருக்கு இது ஏட்டுச் செய்தியன்று. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் சுண்ணாம்புக் கற்பாறையில் தேங்கும் மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது; ஆதலின் கிணற்றுக்குக் கிணறு உவர்ப்பு வேறுபடும். யாழ்ப்பாணக் குடாநாட்டு விவசாய நிலக் கிணறுகள் பலவற்றிலோ நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையை மீறியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இத்தகைய நீரைப் பூச்சிகொல்லி எச்சத்துக்காகப் பகுக்கும்போது, குறுகிய அலைநீளப் புறவூதாவில் நைத்திரேற்றும் கடப்பு நேரத்தை அண்டிக் கூர்முனையொன்றைத் தரும். கடப்பு நேரத்தை அறியாதவர் அதனை நஞ்செனப் பெயரிடலாம். நிரல் பிரிக்காத ஒன்றுக்குப் பெயரிடுதல் அறிவியலாகுமா? அப்பெயரை நம்பிக் கிணற்றை மூடும் குடும்பத்துக்கு யார் மறுமொழி கூறுவார்?

ஆதலின் எக்குறிகாட்டியால், எக்கரைப்பானில், எவ்வளவு நேரம் அளக்கப்பட்டது என்பதைக் கூறாத அறிக்கையைப் பல்கலைக்கழகம் ஏற்றல் தகாது. ஒரு முறை யுராசில் செலுத்தச் சில நிமிடமே செல்லும். அந்நேரத்தைச் செலவிட மறுப்பவர் குடிநீர் குறித்துத் தீர்ப்புக் கூறும் உரிமையையும் துறத்தல் வேண்டும்.