மஞ்சள் பூசினால் பழைய படமா?

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 'விண்டேஜ்' தோற்றம் வேண்டுமென்று அதில் மஞ்சளையும் கீறலையும் சேர்க்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

பழைய படங்கள் எடுத்த அன்றே மங்கியிருக்கவில்லை. ஹைப்போ போகும்வரை தண்ணீரில் அலசாத படங்கள் நாளடைவில் மஞ்சளித்தன. அது படத்துக்கு வந்த நோய், அழகல்ல.

அழகு வெளிச்சத்தில் இருந்தது. பாரீசில் 1934இல் தொடங்கிய ஸ்டுடியோ ஆர்க்கூர், நடிகர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பேர்பெற்றது. பிளாஷ் இல்லை, சினிமா விளக்குகள்தான். எரியும் விளக்கை நகர்த்தி, நிழல் எங்கே விழுகிறதென்று கண்ணால் பார்த்த பிறகே எடுப்பார்கள்.

நமக்கு ஒரு ஜன்னல் போதும். மின்விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கன்னத்தில் மட்டும் வெளிச்சம் படும்படி ஜன்னலோரம் உட்காருங்கள். பேரப்பிள்ளை கறுப்பு வெள்ளையில் எடுக்கட்டும். சுருக்கங்களை அழிக்க வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் மாலையோடு தொங்குவது, ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதுதான். அதைவிட நல்ல முகம் நமக்கு உண்டு.