ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிடும் முதியோர் கவனிப்பு

(நமது மும்பை நிருபர்)

தாராவியில் தோல் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் திருநெல்வேலி அன்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கட்டுக் காகிதங்களுடன் என்னைத் தேடி ரயில்வே அலுவலகத்திற்கு வந்தார். அவருடைய தாயாருக்கு வயது 72. மாடி அறைக்கு ஏறும் இரும்பு ஏணியில் கால் சறுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. அதற்கு ஒரு பைசா செலவில்லை. "இனிமேல் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கத்தான் வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியதை ஒரு ரயில்வே குமாஸ்தாவிடம் கேட்கிறாரே என்று முதலில் நினைத்தேன். காகிதங்களைப் படித்த பிறகு, இவர் வேறு யாரிடம்தான் போய்க் கேட்பார் என்று தோன்றியது.

ஆபரேஷன் இலவசமாக நடந்ததைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், 2024 அக்டோபர் 29 முதல் 70 வயது நிறைந்த எல்லோருக்கும் வருமானம் பாராமல் விரிவாக்கப்பட்டது. வருஷத்திற்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. வயதுக்கு ஆதார் போதும். நம்மைப் போல் பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்தவர்களுக்கு இதிலுள்ள பெரிய சௌகரியம், ஊரில் எடுத்த அட்டை இங்கேயும் செல்லுபடியாவது. பெற்றோரை அழைத்து வந்து வைத்திருப்பவர்கள் இன்னும் அட்டை எடுக்காமலிருந்தால் உடனே எடுப்பது நல்லது.

ஆனால் இது படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான திட்டம். வீடு திரும்பிய பின் 15 நாள் வரைக்கும் உண்டான மருந்துச் செலவை ஏற்கும், அதோடு சரி. இடுப்பெலும்பு முறிந்த 72 வயது அம்மாள் மறுபடி தானாக எழுந்து நடக்க எத்தனை மாதம் ஆகும் என்பது வீட்டில் அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். பதினாறாம் நாள் முதல் அந்த அம்மாள் யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இலாகா எதுவும் இல்லை.

வீட்டு நிலைமை இது. வாரம் இருமுறை தசைப் பயிற்சிக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏணியிலிருந்து தூக்கி இறக்க இரண்டு ஆள் வேண்டும். போகவர டாக்ஸிக்கு மகனின் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. மருமகள் நான்கு வீடுகளில் பார்த்து வந்த வேலையை விட்டுவிட்டாள். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. எப்படிக் கொடுப்பது என்று சொன்னது மராத்தியில். கிழவிக்கும் மருமகளுக்கும் இரண்டுமே தெரியாது. இரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பும் பின்புமாக இரண்டு தடவை கொடுத்துக்கொண்டிருந்தார்களாம்.

உதவி இல்லை என்றும் சொல்ல முடியாது. உதவி சிதறிக் கிடக்கிறது. காப்பீட்டு அட்டையும், 2010-11ல் தொடங்கிய தேசிய முதியோர் மருத்துவத் திட்டமும் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கையில். ஏழை முதியோருக்கு நடைச் சட்டமும் சக்கர நாற்காலியும் இலவசமாகக் கொடுக்கும் 2017ஆம் வருஷத்திய வயோஸ்ரீ திட்டம் சமூக நீதி அமைச்சகத்தின் கையில். அதற்கு முகாம் நடக்கும்போது போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். இடுப்பெலும்பு முகாமைப் பார்த்து முறிவதில்லை. முதியோர் உதவித்தொகையோ ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் கையில். மும்பையில் இருக்கும் கிழவிக்கும் அதுதான் இலாகா! அதில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80க்கு மேல் 500 ரூபாய். மிச்சம் மாநிலத்தைப் பொறுத்தது.

இந்த மாநில விஷயத்தில்தான் நம்மவர்கள் இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் உதவித்தொகை 2023ல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இந்த அம்மாளுக்கும் ஊரில் தனியாக இருந்த நாளிலிருந்து அது வருகிறது; விசாரணைக்கு வரும்போது ஆள் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் கூடவே வருகிறது. மகாராஷ்டிரத்தின் சிராவண்பாள் திட்டத்தில் சேரலாமா என்றால், இங்கே 15 வருஷம் வசித்திருக்க வேண்டும். அம்மாள் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ரேஷன் அட்டை எல்லை தாண்டுகிறது, மருத்துவ அட்டை எல்லை தாண்டுகிறது, உதவித்தொகை மட்டும் ஊரிலேயே நின்றுவிடுகிறது.

இதற்கு இன்னொரு புதிய திட்டம் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இருப்பவற்றைச் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். கேரளத்தில் 1993ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பிறகு ஊர் ஊராகத் தொண்டர்கள் கைக்குப் போய், 2008ல் அரசின் கொள்கையாகவே ஆயிற்று. அங்கே பஞ்சாயத்து நர்ஸ், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டுக்கே போகிறார். புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. அந்த வீட்டில் அரிசி இல்லையென்றால் அதைக் கவனிப்பது தொண்டர்கள் வேலை. வைத்தியமும் வயிறும் ஒரே பேச்சில் வருகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் மாத்திரையையும் தசைப் பயிற்சியையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது.

மும்பையிலும் ஆள் இல்லாமலில்லை. போலியோ சொட்டு மருந்துக்காக மாநகராட்சியின் சுகாதார சேவிகா இதே சந்தில் வீடு வீடாக ஏறி இறங்குகிறார். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சமூக சேவகர் என்ற உத்தியோகமும் உண்டு. முதியவர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் நாளில், அந்தச் சமூக சேவகர் அவருடைய வட்டார சுகாதார நிலையத்திற்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், ஒரு வாரத்திற்குள் சேவிகா வீட்டில் போய்ப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி செய்தால் என்ன? ரயில்வேயில் ஒரு மூட்டை ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்குப் போனால், அனுப்பியவரும் பெற்றுக்கொண்டவரும் புத்தகத்தில் எழுதுகிறார்கள். எழுபது வயது மனுஷிக்கு அந்த மரியாதையாவது செய்யலாம்.

அதுவரை நாமாகச் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. வீட்டுக்கு அனுப்பும் முன்பே சமூக சேவகரைக் கேட்டுப் பிடித்து, வீட்டில் ஏணி இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். மருந்து கொடுக்கும் விவரத்தை விஷயம் தெரிந்தவரிடம் கேட்டுத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். வழி சொல்வார்கள், ஆள் அனுப்புவார்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

அன்பர் போன வாரம் மறுபடி வந்தார். தாயாரை ஊருக்கே அனுப்பிவிடலாமா என்று யோசனை. அங்கே மாத்திரை வீடு தேடி வரும், பயிற்சி கொடுக்க ஆள் வரும். ஆனால் ராத்திரியில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வீட்டில் மனுஷர் கிடையாது. இங்கே மனுஷர் உண்டு, மற்றதெல்லாம் கிடையாது. முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது நின்றதுதான் என்றும், கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது என்றும் சொன்னேன். எந்தத் தேதிக்கு என்று கேட்டேன். வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.