கிளாசில் புளித்தால் விருந்து! கலயத்தில் புளித்தால் வழக்கு!

கோவை,

ஏறக்குறைய ஒரே அளவு போதை. இரண்டிலும் புளிப்பு.

ஒன்று அவினாசி ரோட்டு அடுக்குமாடி வீட்டு ஹாலில், ஐஸ் மிதக்கும் கண்ணாடி கிளாசில் இருக்கிறது. இன்னொன்று ஆனைமலை தென்னந்தோப்பில், பாளையில் கட்டிய கலயத்தில் இருக்கிறது.

முதலாவதைக் கலக்கியவர் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. இரண்டாவதை இறக்கியவரைத் தேடி போலீஸ் ஜீப் தோப்புக்குள் வருகிறது.

இது என்ன நியாயம் என்று கொங்கு மண்டல விவசாயிகள் பல வருஷமாகக் கேட்கிறார்கள். கேள்வி சாதாரணமாகத்தான் தெரிகிறது. பதில் அவ்வளவு சுலபமில்லை.

பாதாம் இல்லாத பாதாம் சரக்கு

முதலில் ஹாலில் இருக்கும் கிளாசைப் பார்ப்போம்.

செல்போனில் செய்முறை பார்த்து வீட்டிலேயே காக்டெயில் கலக்கும் பழக்கம் இப்போது நகரத்துக்கு வந்துவிட்டது. அதில் ஒன்று "அமரெட்டோ சவர்". அமரெட்டோ என்பது இத்தாலி நாட்டு இனிப்பு மது. மிலன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சரோனோ என்ற ஊர் இதற்குப் பேர் போனது. "கொஞ்சம் கசப்பு" என்பதுதான் பெயரின் அர்த்தம். பாதாம் வாசனை தூக்கலாக அடிக்கும்.

"அட, பாதாம் சரக்குங்களா? அப்போ உடம்புக்கு நல்லதுதானுங்களே!" என்று கேட்கிறவர்களும் உண்டு. ஏமாற வேண்டாம். பல கம்பெனிகளின் பாட்டிலில் பாதாமே கிடையாது. ஆப்ரிகாட் பழக்கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் இருந்துதான் அந்த வாசனையை எடுக்கிறார்கள். பாட்டிலில் 24 முதல் 28 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும்.

கலக்கும் வேலை லேசானது. இந்த மது 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 30 மில்லி, சர்க்கரைப் பாகு ஒரு தேக்கரண்டி, ஒரு முட்டையின் வெள்ளைக் கருவில் பாதி. மூடி போட்ட டப்பாவில் முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்கினால் நுரை கட்டும். பிறகு ஐஸ் போட்டுக் குலுக்கி வடிகட்டினால் தீர்ந்தது. நாமக்கல் முட்டையே ஆனாலும் பச்சையாகச் சாப்பிட்டால் கிருமி பயம் உண்டு. அதனால் கொண்டைக்கடலை வேக வைத்த தண்ணீரைச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நன்றாகவே நுரைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டில் நடப்பது கலப்பது மட்டும்தான். காய்ச்சுவது, வடிப்பது எல்லாம் லைசென்ஸ் பெற்ற ஆலையில் முடிந்துவிட்டது. வரி கட்டி, சீல் வைத்து, பில் போட்டு வாங்கிய பாட்டில் அது. 21 வயது நிரம்பியவர் தன் வீட்டில் அதை ஊற்றி எலுமிச்சை பிழிந்து குடித்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. அதையே நாலு பேருக்கு விற்றால் கேஸ்தான்.

கொட்டைக்குள் விஷம்

ஆபத்து எங்கே ஆரம்பிக்கிறது தெரியுமா? "பாட்டில் விலை ஜாஸ்தி, நாமே தயாரித்தால் என்ன?" என்று நினைக்கும்போதுதான்.

கசப்புப் பாதாமிலும் ஆப்ரிகாட் பருப்பிலும் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. அரைத்து ஈரம் பட்டால் அது சயனைடு விஷத்தை வெளிவிடும். ஆலைக்காரர்கள் அதை நீக்கிவிடுகிறார்கள். வீட்டு மிக்சியில் நீக்க முடியாது.

அதைவிடப் பெரிய ஆபத்து, பாட்டிலுக்குப் பதிலாக எங்கிருந்தோ வரும் "ஸ்பிரிட்டை" வாங்கிக் கலப்பது. தொழிற்சாலை உபயோகத்துக்கான மெத்தனால், பார்வைக்கும் ருசிக்கும் சாராயம் மாதிரியேதான் இருக்கும். உடம்புக்குள் போனதும் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். சில தேக்கரண்டி அளவே பார்வையைப் பறித்துவிடும். கூடினால் உயிர் போகும். குடித்த உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, வயிற்று வலி, கண் மங்கல் எல்லாம் வரும். "காலையில் பார்த்துக்கலாம்" என்று படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர் இப்படித்தான் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளிகள். குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுத்தது அரசு. அதே மாதம் மதுவிலக்குச் சட்டத் திருத்த மசோதாவும் சட்டசபையில் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை. அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது.

காய்ச்சுகிறவனுக்கு இந்தத் தண்டனை வேண்டியதுதான் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் கள் இறக்குகிறவரும் அதே மதுவிலக்குச் சட்டத்துக்குள்தான் வருகிறார். தகராறு அங்கேதான்.

கள் கணக்கு

கள்ளை யாரும் காய்ச்சுவதில்லை. பாளையைச் சீவினால் சொட்டும் பால், கலயத்தில் தானாகவே நொதிக்கிறது. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது. அது பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் கள். இன்னும் விட்டால் காடி.

நல்ல கள்ளில் 4 முதல் 6 சதவீதம் ஆல்கஹால். 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 250 மில்லி கள்ளில் பன்னிரண்டரை மில்லி ஆல்கஹால் இருக்கும். மேலே சொன்ன அமரெட்டோ கிளாசிலும் ஏறத்தாழ அதே அளவுதான்! கடைச் சரக்கு பெரும்பாலும் 40 சதவீதத்துக்கு மேல். அதை நினைத்தால் இரண்டுமே குறைந்த போதைதான்.

பிறகு ஏன் கள்ளுக்கு மட்டும் தடை? இந்தியாவிலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது பக்கத்துச் சேலம் மாவட்டத்தில்தான். 1937-ல் ராஜாஜி கொண்டு வந்தார். 1971-ல் கருணாநிதி ஆட்சியில் கடைகள் திறந்தன. கொஞ்ச காலத்தில் மூடின. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளும் சாராயமும் மறுபடி வந்தன. 1987 ஜனவரி 1 முதல் இரண்டும் நின்றன. பாட்டில் சரக்கு மட்டும் தங்கிவிட்டது. 2003-ல் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. 2023-24 ஒரே ஆண்டில் அதன் மூலம் அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

"குடி கெடுதி என்றால் எல்லாக் கடையையும் மூடுங்க. மூடலைன்னா எங்க மரத்தை மட்டும் ஏன் மறிக்கிறீங்க?" என்பதுதான் தோப்புக்காரர்களின் வாதம். ஈரோட்டைச் சேர்ந்த கள் இயக்க ஒருங்கிணைப்பாளர் நல்லசாமி, கள் உணவுப் பொருள் என்றே ரொம்ப காலமாக வாதாடி வருகிறார்.

அரை மணியில் கேரளா

கோவைக்காரர்களுக்கு இந்தத் தடை இன்னும் வேடிக்கை. வாளையாறு தாண்டினால் கேரளா. பொள்ளாச்சி பக்கம் கோபாலபுரம் தாண்டினாலும் கேரளா. அங்கே கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் உண்டு. சித்தூர் தாலுகா தென்னையில் இறங்கும் கள், கேரளாவின் பல மாவட்டங்களுக்கு லாரியில் போகிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் தென்னைதான், அதே காற்றுதான். அங்கே வேலை, இங்கே வழக்கு.

இலங்கையில் இன்னும் ஒரு படி மேலே. தென்னங்கள்ளை ஆலையில் வடித்து சாராயமாக்கி வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். கொழும்பு ஓட்டல்களில் அந்தச் சாராயத்தோடு எலுமிச்சை பிழிந்து "சவர்" கலக்கித் தருகிறார்கள். இத்தாலி பாட்டில் செய்யும் அதே வேலையை அங்கே தென்னம்பாளை செய்கிறது!

நம் ஊரில் 2017-ல் நீராவுக்கு அனுமதி அறிவிக்கப்பட்டது. புளிக்காத பால் என்பதால் தடை இல்லை. பொள்ளாச்சி தோப்புக்காரர்கள் ஆசையோடு இறங்கினார்கள். ஆனால் நீரா ஐஸ் பெட்டியை விட்டு வெளியே வந்தால் புளித்துவிடும். காலையில் உரிமம் உள்ள நீரா, மதியம் உரிமம் இல்லாத கள். வெள்ளை ஈயும் வேர்வாடல் நோயும் மரத்தை வாட்டும் காலத்தில், பெட்டிக்கும் ஐசுக்கும் செலவு செய்ய எத்தனை பேரால் முடியும்?

அரசு சொல்வதும் பொய்யில்லை

ஆனால் ஒரு பக்கம் மட்டும் பேசினால் சரியாக இருக்காது. கள்ளில் கலப்படம் சுலபம். போதை ஏற்ற மயக்க மருந்து கலக்கிறவர்களும் உண்டு. லட்சக்கணக்கான மரத்துக்கும் காவல் போட முடியாது. பாட்டிலுக்கு சீல் உண்டு, கலயத்துக்கு இல்லை. கள்ளுக்கடை என்ற பெயரில் சாராயம் விற்ற கதைகள் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சாயங்காலம் கூலி வீட்டுக்கு வருமா என்று வாசலில் காத்திருக்கும் பெண்களுக்கு, அது எந்தக் கடையில் போனாலும் ஒன்றுதான்.

ஆனாலும் காவல் போட முடியாது என்பதே காரணம் என்றால், முடிகிற அளவுக்குப் போடலாமே என்ற கேள்வி மிஞ்சுகிறது. நாலு ஒன்றியத்தில் மட்டும், எண் போட்ட மரங்களில், கூட்டுறவு மூலம் இறக்கி, தினமும் சோதனை செய்து பார்க்கலாம். சரிப்படவில்லை என்றால் மூடிவிடலாம். பார்க்காமலேயே 1987-லேயே நிற்பதுதான் தோப்புக்காரரின் கோபம்.

அதுவரை சட்டம் சட்டம்தான். வீட்டில் கலக்குகிறவர்கள் பில் போட்ட, சீல் உடையாத பாட்டிலைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. கொட்டையை அரைக்கக் கூடாது. அடுப்பில் எதையும் வடிக்கக் கூடாது. குடித்துவிட்டு வண்டிச் சாவியையும் எடுக்கக் கூடாது. கண் மங்கினால் விடியும் வரை காத்திருக்காமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஹாலில் இருப்பவருக்கு இந்த எச்சரிக்கை போதும். தோப்பில் இருப்பவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார். பாளையோ யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சொட்டிக்கொண்டே இருக்கிறது!