பூனைக்கு ஒரு வழி

எங்கள் வீட்டுப் பின்கட்டு ஜன்னலில் ஓர் ஓட்டை போட்டிருக்கிறேன். ஆறரை அங்குல அகலம், ஏழு அங்குல உயரம். அதற்கு ஒரு மூடி, மேல்பக்கம் கீல். பூனை தலையால் முட்டினால் திறக்கும், போனதும் தானே மூடிக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஊரில் என்னென்னவோ பேசுவதாகக் கேள்வி. "வாத்தியார் மாதிரி இருந்த மனுஷன், ரிட்டயர் ஆனதும் இப்படி ஆயிட்டார்" என்று ஒருவர் சொன்னாராம். நான் வாத்தியார் இல்லை, வருவாய்த் துறை குமாஸ்தா. அது போகட்டும். ஓட்டை ஏன் போட்டேன், ஏன் கதவில் போடாமல் ஜன்னலில் போட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பாண்டிச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். அந்த மொழியில் இந்த ஓட்டைக்கு ஒரே சொல் உண்டு: 'ஷாத்தியேர்'. 'ஷா' என்றால் பூனை. ஓட்டுக் கூரையில் காற்றுப் போக விடுகிற சின்னத் திறப்புக்கும் அதே பெயர்தான். தமிழில் அப்படித் தனிச்சொல் ஏதும் என் காதில் விழுந்ததில்லை. காரணம் எளிது, நமக்குத் தேவைப்படவில்லை. எறையூரில் என் அம்மாச்சி வீட்டில் நடுவே முற்றம், மேலே வானம். பூனை ஓட்டு மேல் நடந்து வரும், முற்றத்துத் தூணில் இறங்கும், குதிருக்கு அடியில் எலி பிடிக்கும், வந்த வழியே போகும். யாரிடமும் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தியதில்லை. வீடே அதற்கு வழிதான்.

இப்போது நாம் கட்டுகிற வீட்டில் முற்றம் கிடையாது. தளம் போட்டு, இரும்புக் கதவு வைத்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, வென்டிலேட்டருக்கும் வலை போட்டு விடுகிறோம். கார் இல்லாதவன்கூட கார் நிறுத்த இடம் விட்டுக் கட்டுகிறான். எலிக்கு மட்டும் எப்படியோ வழி கிடைத்துவிடுகிறது. சாக்கடைக் குழாய், கேபிள் ஒயர் வருகிற துளை, மாடிப்படிக்குக் கீழே கதவு இடுக்கு. எலி உள்ளே, பூனை வெளியே. இதுதான் இன்றைய வீட்டு அமைப்பு.

எங்கள் பக்கம் மக்காச்சோளம் எவ்வளவு விளைகிறது என்று பெரம்பலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மைத்துனர் விலை ஏறட்டும் என்று பத்துப் பதினைந்து மூட்டையை எங்கள் பின்கட்டு அறையில் போட்டுவைப்பார். அதற்காகத்தான் பூனை வந்தது. வேப்பந்தட்டையில் ஒரு நண்பர் வீட்டிலிருந்து சாக்குப்பையில் போட்டு நான்தான் கொண்டுவந்தேன். பள்ளிக்கூட ஞாபகத்தில் 'மினெத்' என்று பெயர் வைத்தேன். என் மனைவி ஒருநாள்கூட அப்படிக் கூப்பிடவில்லை. மீனா என்றாள், மீனாவே நிலைத்துவிட்டது.

மீனாவுக்கு இரவில்தான் வேலை. பதினொரு மணிக்குப் போக வேண்டும், இரண்டு மணிக்கு வர வேண்டும், நாலரைக்கு மறுபடி போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கதவடியில் நின்று கத்தும். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். எழுந்து போவது என் மனைவிதான். மூட்டுவலிக்காரி. சில மாதம் எழுந்து பார்த்தாள், பிறகு பின்கதவுக்கு ஒரு செங்கலை முட்டுக் கொடுத்து நாலு விரல் திறந்தே வைத்துவிட்டுப் படுத்தாள். நானும் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஐப்பசி மழை. நள்ளிரவுக்கு மேல் அவள் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறாள். நல்ல வேளை, டார்ச் அடித்தாள். பின்கட்டு நிலைப்படிக்கு உள்ளே, செங்கல்லுக்குப் பக்கத்தில், கருப்பு உடம்பில் வெள்ளை வெள்ளையாக வளையம். கட்டுவிரியன். இரண்டடி தள்ளி மீனா வாலைப் பருக்க வைத்துக்கொண்டு குந்தியிருந்தது. "என்னங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் எனக்கே காது கேட்டது. நான் போவதற்குள் அது மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டது. அன்று இரவு இரண்டு பேரும் திண்ணையில் நாற்காலி போட்டு, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். காலையில் பாம்பு பிடிக்கத் தெரிந்த ஒரு பையன் வந்து, பதினோராவது மூட்டையை நகர்த்தும்போது பிடித்து, டப்பாவில் போட்டுக்கொண்டு போனான்.

கட்டுவிரியனைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இரவில் நடமாடும். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கடிக்கும். கடித்த வலி பெரிதாக இருக்காது, கடிவாய் தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை என்று ஆள் எழுந்திருக்கும்போது விஷம் ஏறியிருக்கும். மந்திரம், பச்சிலை என்று அலையாமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் வீட்டில் என் மனைவிக்கு இடுப்பு ஒத்துக்கொள்ளாமல் தரையில்தான் படுக்கை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

மறுநாள் வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. "பூனையை எங்கியாச்சும் விட்டுட்டு வந்துடுங்க." பக்கத்து வீட்டுக்காரரும் ஆமோதித்தார். சாக்கில் கட்டி நாலு ஊர் தள்ளிப் போட்டால் திரும்பி வராது என்று வழியும் சொன்னார். நம் ஊர்களில் இது சர்வ சாதாரணம். அப்படி விடப்பட்ட பூனை ஒன்று திரும்பி வரப் பார்க்கும். இல்லையென்றால் அங்கே இருக்கிற நாய்களிடமோ பசியிடமோ முடியும். அதை நாம் பார்ப்பதில்லை என்பதால் பாவம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

என் வாதம் வேறு. சாரையும் நல்ல பாம்பும் எலியைத் தேடித்தான் வீட்டுக்குள் வருகின்றன. சின்னப் பாம்பு, பல்லி, எலி என்று கிடைப்பதைத் தேடிக் கட்டுவிரியன் வருகிறது. பூனையை விரட்டினால் எலி பெருகும், எலி பெருகினால் அதைத் தின்கிறதும் வரும். குற்றம் பூனையுடையது அல்ல, செங்கல்லுடையது. கதவு மூடியிருக்க வேண்டும், பூனையும் போய்வர வேண்டும். அப்படியானால் ஷாத்தியேர்தான்.

இது ஏதோ வெள்ளைக்காரன் ஆடம்பரம் என்று நினைக்கிறவர்களுக்கு: நியூட்டன் பெரிய பூனைக்குப் பெரிய ஓட்டையும் குட்டிக்குச் சின்ன ஓட்டையும் போட்டார் என்ற கதையை நம் தலைமுறை பள்ளியிலேயே கேட்டிருக்கும். கதைதான் அது. நியூட்டன் பிறந்தது 1642இல். 1400இல் இறந்துபோன ஆங்கிலக் கவி சாசர் எழுதிய கதை ஒன்றிலேயே கதவடியில் பூனை நுழையும் ஓட்டை வருகிறது. இங்கிலாந்தில் எக்ஸீட்டர் தேவாலயத்தில் பெரிய கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் இன்றும் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கிறது. 1598 வாக்கில் பிஷப் காட்டன் தச்சர்களுக்கு 8 பென்ஸ் கூலி கொடுத்து வெட்டச் சொன்னது. அதற்கும் முந்தி, 1305 முதல் 1467 வரையிலான அந்தக் கோயில் கணக்குகளில் பூனைக்கென்று காலாண்டுக்கு 13 பென்ஸ் செலவு எழுதப்பட்டிருக்கிறது, அதாவது வாரம் ஒரு பென்னி.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமை. நான் வேலை பார்த்த ஒரு தாலுகா அலுவலகத்தில் ரெக்கார்டு ரூமில் பழைய அடங்கல் கட்டுகளை எலி கரம்பி மாவாக்கிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு பூனை தானாகவே வந்து வேலைக்குச் சேர்ந்தது. அதற்குப் பால் வாங்க எந்தக் கணக்குத் தலைப்பும் கிடையாது. ரெக்கார்டு கிளார்க் தன் டீக்காசில் வாங்கி ஊற்றுவார்.

சரி, ஓட்டைக்கு வருகிறேன். பெங்களூரில் இருக்கிற மகன் சங்கதி கேட்டதும் இணையத்தில் ஒன்று வாங்கி அனுப்பிவிட்டான். பேட்டரியில் வேலை செய்வது. பூனையின் தோலுக்கடியில் அரிசி மணி அளவு சிப் வைத்திருந்தால் அதன் எண்ணைப் படித்து, நம் பூனைக்கு மட்டும் திறக்கும். நல்ல ஏற்பாடுதான், பக்கத்துத் தெருக் கடுவன் பூனை உள்ளே வராது. ஆனால் மீனாவுக்குச் சிப் கிடையாது. பேட்டரி தீர்ந்தால் எழுபது வயதுக்காரன் கண்ணாடியைத் தேடிக்கொண்டு மாற்ற வேண்டும். கதவில் பொருத்துகிற மாதிரி வேறு. திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன்.

கதவில் போடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வெளிநாட்டுப் படங்களில் எல்லாம் கதவின் கீழ்ப்பக்கம், பூனை வயிற்று உயரத்தில்தான் இருக்கும். அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊரில் தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஒரு தொங்கு மூடி என்பது, செங்கல்லைவிடக் கொஞ்சம் நாகரிகமான செங்கல், அவ்வளவுதான். பெருச்சாளியும் முட்டித் திறக்கும். இன்னொன்று, கதவில் ஓட்டை இருந்தால் திருடன் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் துழாவுவான்.

பூனை குதிக்கும். பாம்புக்கு வழவழப்பான சுவர் சிரமம். ஆகவே ஜன்னல். எங்கள் பின்கட்டு ஜன்னல் தரையிலிருந்து மூன்றரை அடி, தாழ்ப்பாள் எதுவும் கைக்கெட்டாத இடம். சுவரில் என் மனைவி ஏற்றியிருந்த முல்லைக் கொடியை வெட்ட வேண்டியிருந்தது. கொடி இருந்தால் பாம்புக்கு ஏணி. அதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பூனை ஏறுவதற்குக் கல் ஒன்றை நட்டேன், சுவரை ஒட்டி அல்ல, ஒன்றரை அடி தள்ளி. மீனா கல்லுக்கு ஏறி அங்கிருந்து ஜன்னலுக்குத் தாவும். இப்படிச் செய்தால் பாம்பு வரவே வராது என்று நான் பத்திரம் எழுதிக் கொடுக்க மாட்டேன். செங்கல் வைத்த கதவுக்கு இது எவ்வளவோ மேல். தரைப் படுக்கையையும் கட்டிலுக்கு மாற்றி, கொசுவலை கட்டிவிட்டோம்.

அளவில்தான் நான் தப்புப் பண்ணப் பார்த்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலம். மீனா ஒல்லி, அதிலேயே நுழைந்தது. கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று ஆசாரியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "சார், இப்ப நுழையும். சினையா இருந்தா?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் லா ஃபோந்தேனின் கதை ஒன்று படித்தேன். ஒல்லியான மரநாய் ஒன்று சந்து வழியாகத் தானியக் களஞ்சியத்துக்குள் போகும், தின்று கொழுக்கும், வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். மனப்பாடமாகச் சொல்லி மார்க் வாங்கினேன். அறுபது வருஷம் கழித்து ஓர் ஆசாரி எனக்கு அதை விளக்க வேண்டியிருந்தது.

ஒரு கம்பியின் கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டி, குறுக்கே பட்டை வைத்து வெல்டிங் செய்தோம். ஆள் நுழைய முடியாது, பூனை எந்த நிலையிலும் நுழையலாம். கீழ்க் கண்ணாடிக்குப் பதில் பிளைவுட். அதில் முதலில் நாலு மூலையிலும் துளை போட்டு அறுத்தார், அப்போதுதான் மூலை பிளக்காது. மூடிக்கு அக்ரிலிக் தகடு. கண்ணாடி மாதிரி தெரிவதால் பூனை அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு நுழைகிறது. காற்றுக்கு ஆடாமல் இருக்க, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிய பழைய கதவு ரப்பரில் இருந்த காந்தப் பட்டையைக் கீழ் விளிம்பில் ஒட்டினோம். உள்பக்கம் ஒரு சின்னக் கொக்கி. பெரும் மழை, ஊர்த் திருவிழா வெடி என்றால் மூடிக்கொள்ள.

முதல் ஐந்து நாள் மூடியைக் கயிற்றில் தூக்கிக் கட்டி, இந்தப் பக்கம் கருவாடு வைத்தேன். பிறகு தினம் கொஞ்சம் இறக்கினேன். எட்டாம் நாள் டக்கென்று ஒரு சத்தம், மீனா உள்ளே.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பாதி உயிரோடு எலியைக் கவ்விக்கொண்டு வந்து சமையல்கட்டில் போடுகிறது. இதற்கு எந்த மூடியும் கண்டுபிடிக்கப்படவில்லை. கடுவன் இரண்டு முறை உள்ளே வந்து பாலைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. வெளியே போய்வரும் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். நாய்க்குத்தான் அந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள், பூனைக்கும் வரும், அது பிறாண்டினாலும் கடித்தாலும் நமக்கும் வரும். கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இன்னொரு குறை, நாலரை மணிக்கு மீனா இன்னும் பின்கதவடியில் போய் நின்று கத்துகிறது. ஜன்னல் இருப்பது அதற்கு நன்றாகத் தெரியும். என் மனைவியும் எழுந்து, விளக்கைப் போட்டு, தரையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டு, உடனே தாழ் போட்டுவிட்டு வருகிறாள். ஏன் என்று கேட்டால், "எனக்கும் தூக்கம் கலஞ்சிடுதுங்க" என்கிறாள்.

யாருக்காவது அளவு வேண்டுமானால் அட்டையில் வெட்டிய அச்சு என்னிடம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். அதுவரை அந்த ஜன்னல் படியில் மீனா படுத்திருப்பாள்.