டீசல் வண்டி யாருக்கு லாபம்?

பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பண்டிகைக்குப் பண்டிகை எழும் பேச்சு ஒன்று உண்டு. ஊருக்குப் போய்வர ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி ஒன்றை வாங்கிவிட்டால் என்ன என்பதே அது. அல்சூரானாலும் ஸ்ரீராமபுரமானாலும், பீன்யாவில் பட்டறை வைத்திருப்பவரானாலும், ஆபீசில் சம்பளம் வாங்குபவரானாலும் இந்த ஆசை பொதுவானது. அதில் தவறில்லை. ஆனால் ஆசைப்படுவது ஒரு நாள் காரியம். தவணை கட்டுவது ஏழு வருஷக் காரியம். ஆகவே கணக்குப் பார்ப்பது அவசியம்.

முதலில் வண்டியின் நல்ல குணத்தைச் சொல்லிவிடுவது நியாயம். நெடுஞ்சாலையில் டீசல் எஞ்சினுக்கு நிகர் டீசல் எஞ்சின்தான். உதாரணமாக டாடா சஃபாரியை எடுத்துக்கொள்ளலாம். அதன் 1956 சி.சி. டீசல் எஞ்சின் 170 குதிரைசக்தி கொண்டது. அதைவிட முக்கியம் அதன் இழுவிசை. 350 நியூட்டன் மீட்டர் இழுவை, எஞ்சின் நிமிஷத்துக்கு 1750 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது. குடும்பமும் மூட்டை முடிச்சும் ஏறிய வண்டி, கிருஷ்ணகிரிக்கு அப்பால் லாரி வரிசையைத் தாண்டும்போது அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. 50 லிட்டர் டாங்க்கை நிரப்பி, லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தால் 700 கிலோமீட்டர் ஓடும். ஓசூர், சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலி வரை பங்க்கில் நிற்காமல் போய்விடலாம்.

பாதுகாப்பிலும் குறை சொல்வதற்கில்லை. பாரத் என்கேப் என்னும் மோதல் சோதனையின் முதல் முடிவுகள் 2023 டிசம்பரில் வெளிவந்தபோது, இந்த வண்டி ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஆயினும் நட்சத்திரம் டிரைவருக்குப் பதிலாகாது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் விடுவது உயிருக்கு ஆபத்து. கனமான வண்டியைக் கீழ் கியரில் எஞ்சினே பிடித்து நிறுத்த வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும்.

இனிச் செலவைப் பார்ப்போம். "டீசல் மலிவு" என்ற எண்ணம் பழைய நாளில் வேரூன்றியது. 2012 மே இறுதியில் டில்லியில் பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். 2014 அக்டோபரில் மத்திய அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. 2025-ல் பெங்களூரில் பெட்ரோல் 103 ரூபாயை ஒட்டியும் டீசல் 91 ரூபாயை ஒட்டியும் இருந்தன. முப்பது ரூபாய்க்கு மேல் இருந்த இடைவெளி பன்னிரண்டு ரூபாயாகச் சுருங்கிவிட்டது. எண்ணம் மட்டும் சுருங்கவில்லை.

ஒரே அளவுள்ள இரண்டு வண்டிகளில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டரும், டீசல் வண்டி 14 கிலோமீட்டரும் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 9 ரூபாய் 36 காசு. டீசல் செலவு 6 ரூபாய் 50 காசு. மிச்சம் 2 ரூபாய் 86 காசு.

டீசல் வண்டியின் விலை ஒன்றரை லட்சம் ரூபாய் கூடுதல் என்று கொள்வோம். கர்நாடகத்தில் ஆயுள்கால சாலை வரி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 17 சதவீதம், அதற்கு மேற்பட்ட விலைக்கு 18 சதவீதம். அதன் மேல் செஸ் வேறு. அந்த ஒன்றரை லட்சம் ஆர்.டி.ஓ. ஆபீசைத் தாண்டும்போதே 1 லட்சத்து 78 ஆயிரம் ஆகிவிடும். அதையும் 9 சதவீத வட்டிக்கு ஏழு வருஷக் கடனில் எடுத்தால் வட்டி மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல். ஆக மொத்தம் 2 லட்சத்து 40 ஆயிரம். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 86 காசு வீதம் இதைத் திரும்பப் பிடிக்க 84 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும்.

வியாபார நிமித்தம் வாராவாரம் சேலம், ஈரோடு, கோவை என்று சென்று வருஷத்துக்கு 25 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இது மூன்றே கால் வருஷ விஷயம். அவர் தாராளமாக டீசல் வாங்கலாம். வருஷத்தில் நான்கு தடவை ஊருக்கும், மற்ற நாள்களில் பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டி 10 ஆயிரம் கிலோமீட்டர் காண்பவருக்கோ எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். கடன் தீர்ந்த பிறகும் லாபம் கண்ணில் படாது.

அதோடு முடியவில்லை. 2020 ஏப்ரல் முதல் அமலான பி.எஸ்.6 விதிப்படி டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்தூள் வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து போவதற்கு ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால் அந்தச் சூடு எளிதில் கிடைக்கும். சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து, வீட்டுக்கு வந்து எஞ்சினை அணைத்தால் கரி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கைக் கவனியாமல் விட்டால் பழுதுச் செலவு பெரிதாகிவிடும். பல வண்டிகளுக்கு யூரியா கலந்த டி.இ.எஃப். திரவமும் அவ்வப்போது ஊற்ற வேண்டும். நகரத்துக்குள்ளேயே சுற்றும் டீசல் வண்டி, யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான்.

வரி குறைந்திருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதமாக இருந்தது 40 சதவீதமாயிற்று. ஆனால் நான்கு மீட்டருக்கு மேற்படாத, 1500 சி.சி.க்கு உட்பட்ட சிறு டீசல் வண்டிக்கு அது 31-லிருந்து 18 ஆகக் குறைந்தது. சிறிய வண்டியே கூடுதல் சலுகை பெற்றது. 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டாக் வருஷ பாஸும் டீசலுக்குத் தனிச் சலுகை அல்ல; பெட்ரோல் காருக்கும் அதே பாஸ்தான்.

ஏழு பேர் என்ற கணக்கிலும் ஒரு சங்கடம் உண்டு. மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் பெட்டி வைக்க இடம் இராது. பொங்கலுக்குப் போகும்போது துணிப்பெட்டி. திரும்பும்போது அரிசி மூட்டையும் தேங்காயும். கடைக்குப் போகும்போது குடும்பத்தோடு போய், ஏழு பேரையும் உட்காரவைத்து, பிறகு பின்கதவைத் திறந்து பார்ப்பது நல்லது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் பலர் கடன் வாங்குவது ஏன்? ரயிலில் இடம் கிடைப்பதில்லை என்பதே முக்கியக் காரணம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. நாள் குறைந்ததே தவிர பெர்த் கூடவில்லை. பண்டிகை நாளுக்கு கவுண்டர் திறந்த சில நிமிஷங்களில் நாகர்கோவில் எக்ஸ்பிரசிலும் தூத்துக்குடி எக்ஸ்பிரசிலும் வெயிட்டிங் லிஸ்ட் விழுகிறது. 2024 ஆகஸ்ட் 31-ல் மதுரை–பெங்களூர் வந்தே பாரத் வந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் அது பகல் வண்டி; உட்கார்ந்து போகும் வண்டி. லீவு எடுக்க முடியாதவருக்கும், கைக்குழந்தையோடு போகும் சாமானியக் குடும்பத்துக்கும் வேண்டியது இரவில் படுத்துச் செல்ல ஸ்லீப்பர் கோச். பண்டிகை ஸ்பெஷல்களைக் கடைசி வாரத்தில் அறிவிக்காமல் இரண்டு மாதம் முன்பே அறிவித்தால், எத்தனையோ குடும்பங்கள் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அவசியமே இராது. ரயில்வே அதிகாரிகள் இதை யோசிக்க வேண்டும்.

அதுவரை வண்டி வாங்க நினைப்போர் ஒரு காரியம் செய்யலாம். போன வருஷம் எத்தனை தடவை ஊருக்குப் போனோம், மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். 20 ஆயிரத்துக்கு மேல் வந்தால் டீசல் ஷோரூமுக்குப் போகலாம். அதில் பாதிதான் என்றால் சிறிய பெட்ரோல் வண்டியே போதும். பண்டிகைக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் தவணைப் பணம் பிள்ளைகளின் காலேஜ் கட்டணத்துக்கு ஆகும்.